பித்தளைத் தகட்டில் விட்ட இடம்

பரமட்டா ஆற்றங்கரையில் ஒரு கல் நிற்கிறது. அந்த இடத்தில் முதலில் நிலம் பெற்றுப் பயிர் செய்த குடியேறி யார் என்று சொல்லும் கல். நினைவுக் கற்கள், விளக்குக் கம்பங்கள், குப்பைத் தொட்டிகள் எல்லாவற்றையும் வரைபடத்தில் புள்ளிகளாக ஏற்றுவது என் வேலை. அதனால் அந்தக் கல்லை நன்றாகத் தெரியும். வெடிப்பில்லை, சாய்வில்லை, எழுத்துத் தெளிவு. அதற்கு முன்பே அங்கே வாழ்ந்த ஆதிக்குடிகளான தாரூக் மக்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொல்லி நான் சிரித்திருக்கிறேன்.

நார்த்மீட்டில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு மண்டபம் கிடைத்தது. டியூப்லைட்டில்கூட உபயகாரரின் பெயரை எழுதுகிற ஆட்கள் நாங்கள். மண்டபத்துக்குப் பித்தளைத் தகடு இல்லாமல் முடியுமா? பள்ளியின் செயலாளர் அங்கிள் அந்த வேலையை என்னிடம் தந்தார்.

“உங்கட வேலையும் இதுதானே பிள்ளை. ஆரையும் விட்டிடாதேங்கோ. பிறகு கலியாண வீட்டுக்குப் போனாலும் எனக்குத்தான் பேச்சு விழும்.”

சண்டை வராமலிருக்க ஒரு விதி வேண்டும் என்று நினைத்தேன். ‘இந்த வட்டாரத்தில் முதலில் குடியேறி, இப்பள்ளியைத் தொடங்கிய குடும்பங்கள்’ என்று தலைப்பு வைத்தேன். பள்ளி தொடங்கிய காலத்தில் இங்கே சொந்தப் பெயரில் வீடு வைத்திருந்தவர்கள், வாடகைக்காவது எடுத்திருந்தவர்கள், உள்ளே. மற்றவர்கள் வெளியே. எல்லோருக்கும் பிடித்திருந்தது. எனக்கும்தான்.

மாதிரிப் படத்தை அம்மாவிடம் காட்டினேன்.

“எங்கட கராஜிலைதான் தொடங்கினது எண்டு போடேல்லையோ?” என்று கேட்டார்.

கராஜ் என்றதும்தான் கராஜ் அண்ணா நினைவுக்கு வந்தார்.

படகில் தஞ்சம் கேட்டு வந்தவர். வேறிடம் கிடைக்கும்வரை என்று எங்கள் கராஜில் தங்கி, பல வருடங்கள் அங்கேயே இருந்தார். சனிக்கிழமைகளில் நாங்கள் போவதற்குள் மெத்தையைச் சுருட்டி மூலையில் நிறுத்தி, கதிரைகளை வரிசையாகப் போட்டுவிடுவார். வகுப்பு முடியும்வரை தெருமுனை பஸ் தரிப்பில் உட்கார்ந்திருப்பார். மழை பெய்தாலும் அங்கேதான். நான் ‘அ’ எழுதிப் பழகியது அவருடைய படுக்கையறையில். என் விதி அவரை எவ்வளவு சுத்தமாக வெளியே தள்ளியிருந்தது! ஆற்றங்கரைக் கல்லை எழுதியவரும் இப்படித்தான் வசதியான ஒரு விதி வைத்திருப்பார்.

தகடு இன்னும் வெட்டப்படவில்லை. பக்கத்துப் புறநகரான ஹரிஸ் பார்க்கில் நண்பர்களோடு தங்கியிருக்கும் அவரைத் தேடிப் போனேன். ஓர் இனிப்புக்கடை வாசலில் தேநீர் வாங்கித் தந்தார். படத்தை நீட்டி, “உங்கட பேரையும் போடப்போறன் அண்ணா” என்றேன்.

வாசித்துவிட்டுச் சிரித்தார். “குடியேறி எண்டோ? என்ரை விசா முடியிற திகதியையும் பக்கத்திலை போடுவியளோ?”

“பகிடி விடாதேங்கோ அண்ணா.”

“பகிடி இல்லைப் பிள்ளை. கேஸ் இன்னும் நடக்குது. ‘நாங்கள் ஓம் எண்டு சொல்ல முந்தி இவர் கல்லு வைச்சிட்டார்’ எண்டு இமிகிரேஷன்காரன் சொல்லமாட்டானோ?”

“பள்ளிக்கூடத் தகடுதானே?”

“உனக்கு அது தகடு. எனக்குப் பயம்.” கடைசி வாய்த் தேநீரைக் குடித்தார். “இப்ப வேண்டாம். வேணுமெண்டால் கீழை கொஞ்சம் இடம் விடு. ஓம் எண்டு கடிதம் வந்தால் வெட்டுவம்.”

தலைப்பிலிருந்து ‘குடியேறி’யை எடுத்தேன். ‘கராஜில்’ என்பதைச் சேர்த்தேன். கீழே இடம் விட்டேன். செயலாளர் அங்கிளின் கண் நேராக அங்கேதான் போனது.

“என்ன பிள்ளை, அடியிலை மொட்டையாக் கிடக்கு? எழுத்தைப் பெருப்பிச்சு விடுங்கோவன்.”

“பித்தளை வெயிலுக்கு விரியும் அங்கிள். இடம் விடவேணும்.”

“அப்பிடியோ? படிச்ச பிள்ளை சொன்னால் சரி.”

பித்தளை விரிவதற்கும் எழுத்தில்லாத இடத்துக்கும் சம்பந்தமில்லை. கராஜ் அண்ணாவை வெளியே விட்டபோதும் தொழில்நுட்பமாக ஒரு காரணம் சொன்னேன், இடம் விட்டபோதும் அப்படியே. அவர் பெயரைச் சொல்லி யாரிடமும் வாதாட வேண்டிய தேவை எனக்கு வரவில்லை.

திறப்பு விழாவன்று, வடைத் தட்டுகள் காலியான பிறகு கராஜ் அண்ணா வந்தார். தகட்டின் முன்னால் நின்று, வெறும் இடத்தின் மேல் விரல்களை விரித்து வைத்துப் பார்த்தார்.

“என்ரை பேர் நீளம் பிள்ளை. இது காணுமோ?”

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. அம்மாவுக்கு அவர் ‘தம்பி’. எங்களுக்குக் கராஜ் அண்ணா. பெயர் தெரியாமலே இடத்தை அளந்திருக்கிறேன்.

“சொல்லுங்கோ அண்ணா” என்றேன்.

சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். குரலைத் தாழ்த்தி, தகப்பன் பெயரோடு சேர்த்துச் சொன்னார்.

அந்த இடம் போதாது.