நான்காம் எண்ணுக்கு ஒரு சுவர்

காற்பந்துக் குழுவில் மற்ற எல்லோரும் ஆட்டத்தைப் பார்ப்பார்கள். சட்டை துவைக்கிறவள் அழுக்கைப் பார்ப்பாள். பிறர் துணியைத் துவைத்து, உலர்த்தி, மடித்து வைத்த அனுபவம் உள்ளவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணவர் போன பிறகு என் வீட்டில் துவைக்க ஓர் ஆள் துணிதான் மிஞ்சியது. சலவை இயந்திரம் பாதிகூட நிறையாது. சுற்றும்போது அதன் சத்தமே வெறுமையாகக் கேட்கும். அந்தச் சமயத்தில்தான் லிட்டில் இந்தியாவில் பயணப்பெட்டிக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் எங்கள் கழகத்தில் ஜெர்சிகளுக்குப் பொறுப்பாக ஆள் தேடினார்கள். கல்லூரியில் தமிழ் படித்தவளுக்கு இந்த வேலையா என்று செயலாளர் தயங்கினார். எனக்குத் தயக்கம் இல்லை. அன்றிலிருந்து இருபத்திரண்டு பேருக்குத் துவைக்கிறேன்.

ஐந்தாவது ஆணி

கழக அறையில் ஒரு சுவர் உண்டு. அதில் நான்கு பழைய ஆட்டக்காரர்களின் படங்கள் தொங்குகின்றன. ஐந்தாவதாக ஓர் ஆணி வெறுமனே இருக்கிறது. அந்த ஆணிக்கு உரியவன் கதிர்தான் என்று எங்களில் பலரும் நினைத்தோம். கதிரவன், நான்காம் எண், தற்காப்பு ஆட்டக்காரன், பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். பதினாறு ஆண்டு எங்களுக்கு ஆடிவிட்டான். முழங்கால் போதும் என்று சொல்லிவிட்டதால் இதுதான் கடைசி ஆட்டப் பருவம்.

குறுக்கே நின்றது ஒரு விதி. ஐம்பது கோல் போட்டவருக்குத்தான் சுவரில் இடம். பதினாறு ஆண்டில் கதிர் போட்டது இரண்டு கோல். அதில் ஒன்று எங்கள் கோலுக்குள்ளேயே. விதியை எழுதியவர் செயலாளர் சிவபாதம். யாழ்ப்பாணக் குடும்பம், ஓய்வுபெற்ற அரசாங்க எழுத்தர், சட்டைப்பையில் எப்போதும் சீவிய பென்சில். எழுபத்தொரு வயதான என்னைத் தங்கச்சி என்று கூப்பிட மிச்சமிருக்கும் ஒரே மனிதர். அவரிடம் போய்ப் பேசினேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்:

"கதிர் நல்ல பெடியன் தங்கச்சி. ஆனா நல்ல பெடியன் எண்டது சுவருக்குத் தகுதி இல்லை."

காலுறை

விளையாடுகிற பிள்ளை உள்ள வீடுகளில் இது தெரியும். கழற்றிய காலுறை பந்தாகச் சுருண்டிருக்கும். உள்ளே மண், புல், ஈரம். விரலை விட்டுப் புரட்டி எடுப்பதற்குள் நகக்கண்ணெல்லாம் கறுத்துவிடும். இருபத்திரண்டு பேர், நாற்பத்து நான்கு காலுறைகள். இதைவிடக் கடினமான தவத்தை நான் படித்த எந்தக் காப்பியத்திலும் யாரும் செய்யவில்லை.

கதிருடையது மட்டும் நேர்ப்பக்கம் திருப்பி, மண்ணை உதறி, இரண்டும் சேர்த்து மடித்து வரும். சட்டையின் அழுக்கும் வேறு மாதிரி. கோல் போடுகிறவர்களின் சட்டையில் நெஞ்சுப் பக்கம் புல்கறை இருக்கும், கோல் போட்ட மகிழ்ச்சியில் சறுக்கி விழுவதால். கதிர் சட்டையில் கறை எல்லாம் இடுப்போரத்தில். பக்கவாட்டில் பாய்ந்து பாய்ந்து வந்த கறை. குவீன்ஸ்டவுனில் ஒன்பதாவது மாடியில் என் சமையலறைச் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் ஜெர்சிகள் வரிசையாகத் தொங்கும்போது, எண்ணைப் பார்க்காமலே அவனுடையதைச் சொல்லிவிடுவேன்.

ஒருநாள் கோல்கீப்பர் ரஃபீக்கிடம், "நீயும் அவன மாதிரி காலுறையத் திருப்பிப் போடக்கூடாதா?" என்று கேட்டேன். ரஃபீக் கழகத்திலேயே பெரிய வாய்க்காரன். கதிரின் உயிர் நண்பன். சிரித்துக்கொண்டே சொன்னான்:

"ஆன்ட்டி, அவன் காலுறைய மட்டுமா திருப்புறான்? நாங்க தப்பா விட்ட பந்து எல்லாத்தையும் அவன்தானே திருப்புறான் லா!"

அப்பாவின் பெயர்

ஜெர்சியின் முதுகில் பெயர் இருக்க வேண்டும் என்று ஓராண்டு சொன்னார்கள். அடையாள அட்டையில் உள்ளபடி பட்டியல் எடுத்து, கடைசியில் இருப்பதை அச்சடிக்கும்படி கடைக்காரரிடம் கொடுத்துவிட்டேன். உலகமெங்கும் அப்படித்தானே, கடைசியில் இருப்பதுதானே குடும்பப் பெயர் என்று நினைத்தேன். நம்மில் கடைசியில் இருப்பது அப்பா பெயர் என்பது எனக்கே அந்த நேரத்தில் உறைக்கவில்லை. சட்டை வந்தது. நான்காம் எண்ணுக்கு மேலே கொட்டை எழுத்தில் மாணிக்கம்.

மாணிக்கத்துக்குக் காற்பந்து என்றாலே ஆகாது. ஓய்வு நாளில் ஓவர்டைம் பார்க்காமல் பந்தை உதைக்கிறானே என்று மகனோடு பேசாமலிருந்த மனிதர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் வீட்டுச் சாவியை எடுத்துப் போய்விட்டான் என்று பாசிர் ரிஸ்ஸிலிருந்து ரயிலேறிக் கோபமாகத் திடலுக்கு வந்தார். வந்த நேரம், கதிர் கோல்கோட்டில் பாய்ந்து ஒரு பந்தை வெளியே தள்ளினான். அரங்கில் இருந்த நூறு பேரும் எழுந்து "மாணிக்கம்! மாணிக்கம்!" என்று கத்தினார்கள். மனிதர் அப்படியே நின்றுவிட்டார். சாவியைக் கேட்க மறந்து கடைசிவரை பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த பருவம் சரியான பெயரைப் போட்டுத் தருகிறேன் என்று கதிரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் பதறிப்போய்ச் சொன்னான்:

"ஐயோ வேணாம் ஆன்ட்டி! அப்பா இப்ப ஒரு மேட்ச் விடாம வர்றாரு. பேர மாத்துனா நின்னுடுவாரு."

மூன்று வாரம்

அவனைத் தெய்வப் பிறவியாக ஆக்கிவிட வேண்டாம். அவனும் ஒருமுறை போனான். கிழக்கே ஒரு பெரிய குழு கூப்பிட்டது. நல்ல திடல், வீட்டுக்கு நடக்கும் தூரம். ஜெர்சியை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் படியிறங்கினான். அந்த வாரம் மூங்கில் கழியில் மூன்றாம் எண்ணுக்கும் ஐந்தாம் எண்ணுக்கும் நடுவே ஓர் இடைவெளி விட்டே காயப்போட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். வரிசை என்றால் அப்படித்தான்.

மூன்று வாரம் பயிற்சிக்குப் போனவன் நான்காவது வாரம் திரும்பி வந்து வாசலில் நின்றான். அங்கே என்ன குறை என்று கேட்டேன்.

"குறைன்னு ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. சட்டைய ஒரு ஓட்டைக்குள்ள போடுறோம், மறுநாள் சுத்தமா வருது. யார் துவைக்கிறாங்கன்னே தெரியல."

பென்சில் கோடு

இந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்தில் சிவபாதம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். கதிர் ஒரு பந்தைத் தடுத்ததும் பென்சிலால் ஒரு கோடு போட்டார். சற்று நேரத்தில் இன்னொன்று. என்ன இது என்று கேட்டேன்.

கோல் போட்டதற்குக் கழகத்தில் பதிவு இருக்கிறது, தடுத்ததற்கு இல்லை என்று ஒருநாள் தோன்றியதாம். அது தன் தவறுதான் என்றார். ஐம்பது கோல் போட்டவனுக்குச் சுவரில் இடம் உண்டு என்றால், ஐம்பது கோலைத் தடுத்தவனுக்கும் இருப்பதுதானே நியாயம்? கீப்பர் எட்ட முடியாத பந்து, விட்டால் நிச்சயம் கோல் என்றால்தான் கோடு. இந்த ஒரு பருவத்தில் ஐம்பது வந்துவிட்டால் விதியைத் திருத்தப் பொதுக்கூட்டத்தில் தானே முன்மொழிவார். ஒன்று குறைந்தாலும் மாட்டார்.

எங்கள் குழுவின் நிலைமைக்கு ஓர் ஆட்டத்தில் இரண்டு மூன்று கோடு சாதாரணமாக விழும். பதினைந்து, முப்பது, நாற்பது என்று ஏறியது. நான் வேர்க்கடலைப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிரிக்காமலே ஆட்டம் முழுக்க உட்கார்ந்திருப்பேன். முதல் நாளே அவர் என்னை எச்சரித்திருந்தார்:

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ தங்கச்சி. தெரிஞ்சு தடுக்கிறது கணக்கில வராது."

என் வாய்

கடைசி ஆட்டத்துக்கு வரும்போது கோடு நாற்பத்தெட்டு. அன்று வென்றால் குழுவே மேல்பிரிவுக்குப் போகும். கழக வரலாற்றில் நடக்காதது. ஜெர்சிகளை எடுத்துக் கொடுக்கும்போது ரஃபீக் வந்து, "கதிர் படம் ஏறுமா ஏறாதா ஆன்ட்டி? உங்களுக்கு ஏதோ தெரியும்" என்று நச்சரித்தான். ஒரு பருவம் முழுக்க மூடியிருந்த வாய் அந்த நேரம் திறந்துகொண்டது. நோட்டுக் கணக்கையும், ஐம்பதுக்கு இரண்டு கோடு குறைவதையும் சொல்லிவிட்டேன். அந்தத் தவறு முழுக்க என்னுடையது.

ஆட்டத்தில் பத்தாவது நிமிடமே ஒரு கோல் போட்டோம். சற்று நேரத்தில் கதிர் ஒரு பந்தைத் தலையால் தள்ளினான். நாற்பத்தொன்பது. அதன் பிறகு வந்த சோதனையைக் கேளுங்கள். எதிர்க்குழுவில் ஒருவனைச் சிவப்பு அட்டை காட்டி அனுப்பிவிட்டார் நடுவர். பத்துப் பேராகச் சோர்ந்துபோனார்கள். எங்கள் பிள்ளைகளோ என்றும் இல்லாத திருநாளாக ஆடினார்கள். பந்து அந்தப் பாதியை விட்டு நகரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக, எதிர்க்குழு வந்து எங்கள் கோலைத் தாக்காதா என்று வேண்டிக்கொண்டேன். வேண்டியதற்காக வெட்கப்பட்டேன். மறுபடியும் வேண்டினேன்.

இன்னும் இரண்டு நிமிடம். பந்து ரஃபீக் கையில். அதைத் தூக்கி அடித்தால் போதும். அவன் நிதானமாக, பரிமாறுவதுபோல, எதிர்க்குழு ஆளின் காலடிக்கே உருட்டிவிட்டான். அரங்கம் அலறியது. அந்த ஆள் நம்ப முடியாமல் ஒரு கணம் விழித்துவிட்டு ஓங்கி உதைத்தான். எங்கிருந்து வந்தானோ, கதிர் கோல்கோட்டில் நெஞ்சைக் கொடுத்து விழுந்தான். பந்து வெளியே போனது. கடைசி விசில் ஒலித்தது. நாங்கள் மேல்பிரிவு!

நான் சிவபாதத்தின் கையைப் பிடித்து உலுக்கி, "ஐம்பது ஐயா, ஐம்பது!" என்று கத்தினேன். அவர் நோட்டை மூடிப் பென்சிலைப் பைக்குள் வைத்தார்.

"கீப்பர் வேணுமெண்டு குடுத்த பந்து. கோடு போட ஏலாது."

ஏச்சு

எல்லோரும் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள். கதிர் மட்டும் எழுந்து நேரே ரஃபீக்கிடம் போய் அவன் சட்டையைப் பிடித்தான். ஜெர்சிகளைச் சேகரிக்கும் கூடையோடு நானும், எனக்குப் பின்னால் சிவபாதமும் கோல் கம்பத்துக்கு அருகே போயிருந்தோம்.

"பைத்தியமாடா உனக்கு? என்னடா பண்ணுன?"

"ஒண்ணு கொறையுதுடா! இதத் தடுத்தா ஐம்பது. உன் படம் சுவத்துல ஏறும்!"

"என் படமா? என் மூஞ்சி தொங்கணும்னு நம்ம கோலைத் தொறந்து விடுவியா? உள்ள போயிருந்தா? எத்தன வருஷம்டா இந்த மேல்பிரிவுக்கு அலைஞ்சோம்! அந்தப் பசங்க மூஞ்சியப் பாரு. அவங்ககிட்ட என்ன சொல்லியிருப்ப? கதிர் படத்துக்காக விட்டுட்டேன்னா?"

ரஃபீக் தலை குனிந்தான். என் கூடை கனத்தது. ஏச்சில் பாதி எனக்கு உரியது என்று கதிரிடம் சொன்னேன். அவன் மூச்சு வாங்கிக்கொண்டே சேறும் வியர்வையுமான சட்டையைக் கழற்றி, நேர்ப்பக்கம் திருப்பிக் கூடையில் போட்டான்.

"படம் வேணாம் ஆன்ட்டி. ஜெயிச்சாச்சு, அது போதும். இந்தக் கடன்காரனுக்கு மட்டும் ரெண்டு வாரம் துவைச்சுக் குடுக்காதீங்க."

பொதுக்கூட்டம்

அடுத்த ஞாயிறு காலை, கழக அறையில் உட்கார இடமில்லை. வெற்றிக் களிப்பில் கீழே பயணப்பெட்டிக் கடைக்காரர்கூட வியாபாரத்தை விட்டுவிட்டு மாடியேறி வந்திருந்தார். கதிர் கடைசி வரிசையில் சுவரோரம் நின்றான். ரஃபீக் என் பக்கத்தில், ஒரு வாரமாகத் துவைக்காத சட்டையின் மணத்தோடு. சிவபாதம் எழுந்து விதியைப் படித்தார். பிறகு கோடுகளைப் பற்றிச் சொன்னார். நாற்பத்தொன்பதில் நிறுத்தி, ஐம்பதாவது ஏன் செல்லாது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

அவர் நோட்டைப் பிரித்துப் பென்சிலை எடுத்தார். எல்லோரும் பார்க்க ஒரு கோடு இழுத்தார்.

"தடுத்தது நாற்பத்தொன்பது. தடுக்க வைச்சதுக்கு ஏசினது ஒண்டு. பதினாறு வருசத்தில இந்தக் கோலை அவன் இதைவிட வடிவாக் காத்ததை நான் பார்க்கேல்லை. ஆக ஐம்பது. ஆட்சேபனை இருந்தாக் கையை உயர்த்துங்கோ."

ஒரு கையும் உயரவில்லை. கதிரின் கை பாதி எழுந்தபோது ரஃபீக் ஓடிப்போய் அதைப் பிடித்து அமுக்கிவிட்டான்.

இத்தனை ஆண்டு அழுக்கோடு பழகியதில் நான் கண்டது இவ்வளவுதான்: கழகத்தின் மாபெரும் ஆட்டக்காரன் யார் என்று அறிய அவன் போட்ட கோலை எண்ணலாம், தடுத்ததையும் எண்ணலாம், ஆனால் அவன் எதற்காகக் கோபப்படுகிறான் என்று பார்த்துவிட்டால் பென்சில் மிச்சம்.