சேரன்மாதேவிக்கு அடுத்த ஊர்

சிறுவயதில் அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் என் வேலை. பாசம் என்று யாரும் தப்பாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பயம். எந்த நேரத்தில் அவளுக்கு வலிப்பு வரும் என்று தெரியாது. வருவதற்குச் சற்று முன் இடது கண்ணிமை துடிக்கும், வாய் சப்புக்கொட்டும். அதற்குள் என் பாவாடை நாடாவில் கட்டியிருக்கும் பெட்டிச் சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் திணித்துவிட வேண்டும். காக்கை வலிப்புக்கு இரும்புதான் கட்டுப்படும் என்பது அம்மாவின் நம்பிக்கை. அப்பா சபையில் உபதேசியார். ஜெபம் போதும் என்பார். அதனால் சாவி சமாச்சாரம் அவர் காதுக்குப் போகாமல் அம்மா பார்த்துக்கொண்டாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து வாக்கில் நாங்கள் பாளையங்கோட்டையில் குடியிருந்தோம். எனக்குப் பதினொரு வயது, அவளுக்குப் பதினைந்து. இருவரும் ஒரே பள்ளிக்கூடம். அவளுக்கு நோய் இருப்பது அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பெரிய வலிப்பெல்லாம் நல்லவேளையாக வீட்டில்தான் வந்தது. வகுப்பில் வந்தவை சின்ன மயக்கங்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் சுவரை வெறித்தபடி நிற்பாள். திமிர் என்று நினைத்து ஆசிரியை பிரம்பை எடுப்பார். ஜெப நேரத்தில் அவளைக் கவனிக்கக் கண்ணைத் திறந்ததற்காக நானும் அடி வாங்கியிருக்கிறேன். நான் திறந்தது அந்த அம்மாளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அந்த வருஷம் வலிப்பு வாரம் இரண்டு தரம் என்று ஆனது. அப்பா வேறு வழியில்லாமல் வெள்ளைக்கார டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனார். தண்ணீர் போலத் தெளிந்த மருந்து. புட்டியின் பக்கவாட்டில் அளவு காட்டப் பல்பல்லாக வெட்டிய காகிதம் ஒட்டியிருக்கும். வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். சோற்றில் உப்பைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். பெற்ற பிள்ளைக்கு உப்பில்லாமல் போடுவதா என்று அம்மா அழுதாள். அழுதுகொண்டே குறைத்தாள். மூன்று வேளையும் மருந்து கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

வலிப்பு குறைந்தது. அதோடு அக்காவும் குறைந்துபோனாள். இரண்டு தரம் கேட்டால் ஒரு பக்கத்தை ஒப்பிக்கிறவள், இப்போது வார்த்தையைத் தேடிக்கொண்டு நின்றாள். உட்கார்ந்த இடத்தில் தூங்கினாள். நாங்கள் அடியெடுத்துக் கொடுத்தால் கோபம் தலைக்கேறும். ஒருநாள் பலகையைத் தூக்கி என் மேல் எறிந்தாள், பிறகு என் நெற்றி வீக்கத்தைத் தடவிக்கொண்டே அழுதாள். எது நோய், எது மருந்து, எது அக்கா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அடிபட்டதைவிட அதுதான் பயமாக இருந்தது.

மாசிக் கடைசியில் பரீட்சை. தேறினால் ஆசிரியைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வார்கள், தன் காலில் நிற்கலாம். தேறாவிட்டால் வீட்டோடு கிடக்க வேண்டும். வலிப்புக்காரியை யார் கட்டிக்கொள்வார்கள்? பூகோளத்தில் தாமிரபரணிக் கரை ஊர்களை மலையிலிருந்து கடல்வரை வரிசையாகச் சொல்ல வேண்டும். அவள் பாபநாசம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மாதேவி என்று வருவாள். அங்கே நின்றுவிடுவாள். அடுத்தது திருநெல்வேலி. ஆற்றைத் தாண்டினால் இருக்கிற எங்கள் திருநெல்வேலி.

"மண்டைக்குள்ள பஞ்சை வச்சு அடைச்சாப்ல இருக்குட்டி," என்றாள். "அந்த மருந்தைக் குடிச்சா நான் எங்கன இருக்கேன்னே தெரியல."

அன்றைக்கே முடிவு செய்தேன். பரீட்சைக்கு ஆறு நாள் இருந்தது. மருந்தைக் கொல்லையில் கொட்டிவிட்டு, புட்டியில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பினேன். ருசி மாறினால் கண்டுபிடித்துவிடுவாள் என்று ஒரு கை உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கினேன். யாரிடமும் சொல்லவில்லை, அவளிடமும்.

மூன்றாம் நாள் அக்கா திரும்பி வந்தாள். என் சடையைப் பார்த்து, "எலிவால் மாதிரி இருக்கே, யாரு பின்னுனது?" என்று சிரித்தாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு அந்தக் கேலி. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் அவள் கண் சிமிட்டினால்கூட என் கை சாவிக்குப் போனது.

பரீட்சை நாளில் எல்லா வகுப்பையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்திருந்தார்கள். பரீட்சை அதிகாரி கேட்டதும் அக்கா எழுந்தாள். பாபநாசத்தில் தொடங்கினாள். சேரன்மாதேவியில் அவள் நிற்கவே இல்லை. திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, ஏரல், ஆத்தூர், புன்னைக்காயல் என்று ஆற்றைக் கடலில் சேர்த்துவிட்டுத்தான் வாயை மூடினாள். அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டார். இடத்துக்குத் திரும்பும்போது பின்வரிசையில் இருந்த என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே இமை துடித்தது.

ஓடினேன். விழுந்துவிட்டாள். "நுரை மேல பட்டா நமக்கும் ஒட்டிக்கிடும்," என்று ஒருத்தி கத்த, எல்லோரும் பெஞ்சு மேல் ஏறிக்கொண்டார்கள். நான் மட்டும் தரையில் அவள் விரல்களுக்குள் சாவியைத் திணித்துக்கொண்டிருந்தேன். வலிப்பு ஓய்ந்தது. கண் திறப்பதற்கு முன் அடுத்தது வந்தது. பிறகு இன்னொன்று. முன்பெல்லாம் ஒன்றோடு நின்றுவிடும். என் அக்கா சாகப்போகிறாள், நான்தான் கொன்றேன் என்று நினைத்தேன்.

மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். விளக்கேற்றும் நேரத்தில்தான் வலிப்பு அடங்கியது. டாக்டரம்மா அம்மாவைப் பார்த்து, "மருந்தை நிறுத்தினீர்களோ?" என்று தன் புத்தகத் தமிழில் கேட்டார்.

"ஒரு வேளை தப்பலம்மா. சின்னவதான் தங் கையால குடுக்கா. அவ அதுல ரொம்பக் கெட்டி," என்று அம்மா என் தலையைத் தடவினாள்.

"உப்பு?"

"பாதிதாம்மா போடுதேன்."

டாக்டரம்மாவுக்கு விளங்கவில்லை. "உப்பு அதிகமானால் உடம்பில் தங்கிய மருந்தையும் அது வெளியே தள்ளிவிடும். அதனால் கேட்கிறேன்," என்றார். அம்மாவின் கை என் தலையிலேயே இருந்தது. மருந்தை நிறுத்தியதோடு நான் விடவில்லை, உள்ளே மிச்சமிருந்ததையும் உப்பைப் போட்டுக் கழுவியிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு ஓடிப்போய் புட்டியைத் துவைகல்லில் போட்டு உடைத்தேன். கைதவறி விழுந்துவிட்டது என்றேன், நம்பினார்கள்.

பத்து நாள் கழித்து அக்கா எழுந்து உட்கார்ந்தாள். பரீட்சைக்குப் போன நினைவே அவளுக்கு இல்லை. தேறியவர்கள் வரிசையில் அவள்தான் முதல். ஆனால் இந்த நோயோடு பயிற்சியில் சேர்க்க இயலாது என்று கடிதம் வந்தது. அப்பா அதை இரண்டாக மடித்து வேதாகமத்துக்குள் வைத்தார், படித்துக் காட்டவில்லை.

அன்று மாலை புதுப் புட்டியிலிருந்து மருந்தை ஊற்றிக்கொண்டு அவளிடம் போனேன். நாக்கில் பட்டதும் முகத்தைச் சுளித்தாள்.

"இது வேண்டாம்ட்டி. முன்னால ஒரு மருந்து குடுத்தியே, நல்லாக் கரிக்குமே, அதைக் குடு. அதைக் குடிச்சப்ப எல்லாம் தெளிஞ்சு கெடந்துச்சு. அது மட்டும் ஞாவகம் இருக்கு."

அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள். "எந்த மருந்தைக் கேக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா," என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வாயைத் திறந்தாள். குடித்து முடித்ததும், தன்னைச் சோதித்துக்கொள்வது போல, பையச் சொல்ல ஆரம்பித்தாள். பாபநாசம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மாதேவி.

"அதுக்கடுத்து என்னட்டி?"

எடுத்துக்கொடுத்தேன். அதன்பிறகு முப்பத்திரண்டு வருஷம் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். கேட்கும்போதெல்லாம் நான்தான் எடுத்துக்கொடுத்தேன்.