தட்டில் முளைத்த வெள்ளைப் புள்ளிகள்

எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. மருந்து கலந்த தட்டில் பாக்டீரியா முளைத்துவிட்டால், வளர்த்தவர் மைசூர்பாகு வாங்கித் தர வேண்டும். சாக வேண்டியது சாகாவிட்டால் எங்களுக்குக் கொண்டாட்டம். பாக்டீரியாவுக்குள் நாங்கள் சேர்த்த, மருந்தை எதிர்க்கும் புரதம் வேலை செய்கிறது என்று அர்த்தம். ஈஜிபுராவில் இருக்கும் அக்காவுக்கும் ஒரு துண்டு எடுத்துப் போவேன்.

பாக்டீரியாவுக்குள் ரைபோசோம் என்றொரு சின்ன எந்திரம் இருக்கிறது. பாக்டீரியா உயிர்வாழத் தேவையான புரதங்களைக் கட்டுவது அந்த எந்திரம்தான். மருந்து போய் அதில் உட்கார்ந்து வேலையை நிறுத்தும். எங்கள் புரதம் வந்து மருந்தைக் கிளப்பிவிட்டுத் தானும் இறங்கிப் போய்விடும், லேடீஸ் சீட்டில் உட்கார்ந்தவனை எழுப்புகிற சிட்டி பஸ் கண்டக்டர் மாதிரி. எல்லாக் கண்டக்டரும் எழுப்புவதில்லை. இது தவறாமல் எழுப்பும். நாலு வருஷமாக நான் இதற்குத்தான் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

அக்கா ஸ்கூட்டரிலிருந்து விழுந்தாள். காலில் பிளேட் வைத்தார்கள். புண் ஆறாமல் சீழ் பிடித்தது. சீழைப் பரிசோதித்த ரிப்போர்ட்டில், எந்தெந்த மருந்து கேட்காதோ அதற்கெல்லாம் நேரே ‘ஆர்’ என்று போட்டிருந்தது. நான் ஆராயும் மருந்துக்கு நேரேயும் ஆர். காரணம் எங்கள் புரதமா, வேறொன்றா என்று அந்தத் தாள் சொல்லாது. சொல்லியிருந்தாலும் என்ன கிழித்திருக்கப் போகிறேன்?

காலை எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ இதத்தானடி படிக்கிற? அவரு கெடக்கட்டும், நீ சொல்லு. எது குடுத்தா போகும்?”

அந்தக் கிருமி எப்படிப் பிழைக்கிறது என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவேன், படம் போட்டும் காட்டுவேன். அவள் அதைக் கேட்கவில்லை.

“தெரியலக்கா.”

அவள் கையை எடுத்துக்கொண்டாள். என் படிப்பின் மேல் எனக்கு அப்படியொரு வெறுப்பு அதுவரை வந்ததில்லை.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். லீவு முடிந்து ஆய்வகத்துக்குப் போனேன். லீவுக்கு முன் நான் போட்டிருந்த தட்டைச் சக மாணவி பத்திரமாக எடுத்து வைத்திருந்தாள். வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். தட்டு முழுக்க வெள்ளைப் புள்ளிகள்.

“வந்துருச்சுப்பா! ஸ்வீட் எங்க?”

அவளுக்கு ஒன்றும் தெரியாது. கீழே போய் மைசூர்பாகு வாங்கி வந்தேன். எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அக்காவுக்கென்று நான் எதுவும் எடுத்து வைக்கவில்லை.