ஆண்டை கொல்லை

அந்த மார்கழியில் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் கிடந்த நிலம் எங்களுடையதா இல்லையா என்பது தை பிறந்ததும் தெரிந்துவிடும் என்றார்கள். குடியிருப்பவனுக்கே மனை சொந்தம் என்று சட்டம் வந்திருந்தது. வலங்கைமான் பக்கத்து ஊர்களில் அளந்து முடித்துவிட்டார்கள், அடுத்தது நம்மூர்தான் என்று டீக்கடையில் பேச்சு. கூரை நிற்கிற இடம் கிடைத்துவிடும், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கொல்லை சேருமா என்பதுதான் கேள்வி. குடியிருப்பவர்கள் புழங்குகிற இடம்தான் என்று அளக்க வருகிறவர் ஒப்புக்கொண்டால் சேரும். இல்லையென்றால் அளக்கிற சங்கிலி சுவரோடு நின்றுவிடும்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்தவர் யாருமில்லை. ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்துவிட்டு வீட்டில் இருந்தேன். எங்கள் தெரு நிற்கிற நிலத்துக்கெல்லாம் சொந்தக்காரரான பெரிய வீட்டுக்காரரை எங்கள் தெருவில் எல்லோரும் 'ஆண்டை' என்றுதான் சொல்வார்கள். எட்டாவது படிக்கும்போதே அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். பேச்சில் 'மிராசுதார்' என்பேன், நேரில் பார்த்தால் 'சார்'. நான் 'சார்' என்கிறபோது அப்பா துண்டை உதறி வேறு தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் பக்கம் பார்ப்பார்.

அந்தக் கொல்லையைத் தோட்டமாக்க வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி. வருகிறவர் கண்ணில் அது தோட்டமாகப் பட வேண்டும். ஆனால் எங்கள் மண் யார் அவசரத்துக்கும் இளகாது. கார்த்திகை மழையில் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு விடாது. மாசி வெயிலில் மண்வெட்டியை உள்ளேயே விடாது. நடுவே மார்கழியில் கொஞ்ச நாள், பனி காய்ந்து வெயில் ஏறுகிற நேரத்தில், கட்டியை மிதித்தால் பொலபொலவென்று உதிரும். அந்தப் பதத்துக்குள் கொத்தி, எரு போட்டு, பாத்தி பிடித்துவிட வேண்டும். தை முடிந்தால் ஆற்றில் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள், வாய்க்கால் வற்றிவிடும். அதற்குள் விதை முளைத்து நிற்க வேண்டும்.

அம்மாவும் வருஷா வருஷம் திட்டம் போடுகிறவள்தான். அவள் திட்டத்துக்கு ஒரே விதி: தையில் போட்டது சித்திரையில் முடிந்துவிட வேண்டும். கீரை, கொத்தவரை, வெண்டை, வெள்ளரி. அவரையும் வாழையும் அவள் துணிச்சலின் எல்லை. மரம் என்று எதுவும் கூடாது. மரம் வைத்தால் இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறான் என்று அர்த்தம். மிராசுதாரின் காரியக்காரர், அதாவது அவர் நிலபுலன்களை மேய்க்கிறவர், மார்கழி தோறும் சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டுக் கொல்லையை ஒரு சுற்று சுற்றுவார். கண்ணில் படுகிற கன்றைப் பிடுங்கி வேலிக்கு வெளியே போடுவார். திட்டமாட்டார். களை பிடுங்குகிறவர் மாதிரி அமைதியாகச் செய்வார். அதுதான் எனக்கு ஆறாது.

பேராவூரணிப் பக்கம் வாழ்க்கைப்பட்ட அத்தை அந்த முறை வந்தபோது பஸ்ஸில் ஒரு தென்னங்கன்றை மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். அதை வைக்கோலுக்கு அடியில் மறைத்து வைத்துத் தண்ணீர் தெளித்து வந்தேன். தினமும் விலக்கிப் பார்ப்பேன். குருத்து வெளிறிக்கொண்டே வந்தது.

ஒரு காலை அடுப்புச் சாம்பலை அள்ளிப்போய், கொல்லை முழுக்கக் கோடு போட்டேன். இங்கே கத்தரிப் பாத்தி, இங்கே வெண்டை, நடுவில் நடக்க வழி, கிணறு தோண்டாவிட்டாலும் தண்ணீர் தேக்க ஒரு குழி. கோடியில், வேலி ஓரத்து மூலையில், தென்னைக்கு ஒரு வட்டம்.

அம்மா சாம்பலில் கால் படாமல் தாண்டித் தாண்டி நடந்து பார்த்தாள். சுவரில் சாணத்தோடு அப்பி வைத்திருந்த வெள்ளரி விதையை நகத்தால் பெயர்த்தபடியே கேட்டாள்.

"வட்டம் என்னத்துக்குடி?"

"தென்னைக்கு."

"ஒங்கப்பன் முதுகுத்தோலு என்னத்துக்கு, செருப்பு தைக்கவா?"

"காலம் மாறிப்போச்சும்மா. கோட்டையில இருக்கிறது யாரு ஆட்சி?"

"கோட்டையில யாரு வேணா இருக்கட்டும். சைக்கிள்ல வர்றது அதே ஆளுதானே?"

அவள் பேசிக்கொண்டே குனிந்து என் கோட்டைக் கொஞ்சம் நகர்த்தினாள். வெண்டைக்கு வெயில் போதாதாம். வட்டத்தைத் தொடவில்லை.

அப்பாதான் என் பெரிய கவலை. அவர் பயந்தவர் இல்லை. முந்தின வருஷம் சம்பா அறுப்புக் கூலிக்காக எங்கள் தெருவே வேலைக்கு இறங்காமல் நின்றது. வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுக்கப் பார்த்தார்கள், பள்ளிக்கூடத்தில் போலீஸ் தங்கியிருந்தது. அப்பா செங்கொடியோடு வரப்பில் நின்றவர். ஆனால் யாராவது "இது யாரு கொல்லை?" என்று கேட்டால், அவர் வாயிலிருந்து ஒரே பதில்தான் வரும்: "ஆண்டை கொல்லைங்க." அது பயம்கூட இல்லை. கூப்பிட்டால் "ம்" என்று குரல் கொடுப்பது போல ஒரு பழக்கம். அளக்க வருகிறவர் முன்னால் அந்த ஒரு சொல் போதும், எல்லாம் போய்விடும்.

அதனால் மண் கொத்தும்போதெல்லாம் பாடம் நடத்தினேன்.

"அப்பா, நான்தான் சர்வேயர். சொல்லுப்பா, இது யாரு கொல்லை?"

"ஆண்..." என்று போய், நாக்கைக் கடித்து, "நம்ம கொல்லை" என்றார்.

"நம்மன்னா கேக்குறவரும் சேந்துக்குவாரு. காரியக்காரர் பக்கத்துல நின்னா அவரும் சேந்துக்குவாரு. எங்க கொல்லைன்னு சொல்லு."

அப்பா மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "நீயே சர்வேயருங்கிற, நீயே எம்மவளாவும் நிக்கிற. ஒங்கிட்ட எங்க கொல்லைன்னா, அப்புறம் ஒனக்குப் பங்கு வாணாமா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடி கேட்டேன். மறுபடியும். எருக்குப்பைக் கூடையை இறக்கும்போது கேட்டேன், சோற்றில் கை வைத்தபோது கேட்டேன். "கூலிக்கு நின்னப்பகூட போலீஸ்காரன் இந்தப் பாடு படுத்தலடி" என்றார். ஆனால் பொங்கலுக்கு முன்பே 'எங்க கொல்லை' அவர் வாயில் தடையில்லாமல் வந்தது. பாத்திகளும் பதம் தப்பாமல் அமைந்தன. கீரை முளைவிட்டுப் பச்சைப் பொடி தூவினது போல இருந்தது.

பொங்கல் கழிந்து வந்தார்கள். சர்வேயர், சங்கிலி பிடிக்க ஒரு ஆள், கூடவே காரியக்காரர். சர்வேயருக்கு எங்கள் மீது அன்பும் இல்லை, பகையும் இல்லை. வெயில் ஏறுவதற்குள் தெருவை முடிக்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டை அளந்து முடித்துவிட்டுப் பின்பக்கம் வந்து, தலையைத் தூக்காமலே கேட்டார்.

"ஏம்ப்பா, இது யாரு கொல்லை?"

அப்பா காரியக்காரரைப் பார்த்தார். துண்டு தானாகத் தோளிலிருந்து இறங்கிக் கக்கத்துக்குப் போயிற்று.

"ஆண்டை கொல்லைங்க."

சங்கிலிக்காரர் சங்கிலியைச் சுருட்டத் தொடங்கினார். அப்பா சொன்னது என்னவென்று அவருக்கே அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். கீரைப் பாத்தியைப் பார்த்தபடி நின்றார்.

"அப்பா," என்றேன். குரல் கீச்சென்று வந்தது. "அந்த அவரைப் பந்தல் யாரு போட்டது?"

"நான் போட்டதுதான்."

"வாழை?"

"ஒங்கம்மா வச்சது."

"இந்தக் குப்பையெல்லாம் யாரு அடிச்சது?"

"நாங்கதான் அடிச்சோம். வேற யாரு அடிப்பா?" அவர் குரல் கொஞ்சம் ஏறியது. சர்வேயர் இப்போதுதான் தலையைத் தூக்கினார்.

காரியக்காரர் நிதானமாக, "படிச்ச பொண்ணு, நல்லா கேள்வி கேக்குது. கொடி ஒங்களுது, சரி. மண்ணு யாருதும்மா?" என்றார்.

இத்தனை நாள் அப்பாவுக்குப் பாடம் சொன்ன நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.

அம்மா கூரையோரம் நின்றிருந்தாள். மேலே, ஆடியில் போட்ட பூசணிக்கொடி ஏறிக் கிடந்தது. அது பாத்தி ஓரமாகக் கொல்லையின் முக்கால்வாசி வரை தரையிலும் படர்ந்திருந்தது. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, மிகவும் பணிவாகக் கேட்டாள்.

"ஏங்க, மார்கழி பூரா ஒங்க வீட்டுக் கோலத்துக்குப் பூசணிப்பூ வேணும்னு ஆளு வந்துச்சுங்களே. தீட்டுப் போவத் தண்ணி தெளிச்சு வாங்கிட்டுப் போச்சு. ஒங்க கொல்லையா இருந்தா எங்கள எதுக்குங்க கேக்கணும்? பறிச்சுக்கிட்டுப் போவ வேண்டியதுதானே?"

சங்கிலிக்காரர்தான் முதலில் சிரித்தார். சர்வேயர் அடக்கப் பார்த்து முடியாமல் இருமினார். காரியக்காரர் முகம் சுண்டிவிட்டது. "பூவ கேட்டா அதுக்கொரு கதையா?" என்றார். ஆனால் பூ கேட்கவில்லை என்று சொல்லவில்லை.

"கொடி எதுவரைக்கும் போவுதும்மா?" என்றார் சர்வேயர்.

அம்மா கை காட்டினாள். சங்கிலி மறுபடி விரிந்தது. பூசணிக்கொடியின் நுனி வரைக்கும் போயிற்று. அங்கேயே நின்றது. அதற்கு அப்பால் இருந்த மூலை, நான் சாம்பலில் வட்டம் போட்ட மூலை, வெளியே போய்விட்டது. நான் அதைப் பற்றி வாய் திறந்தேன். அம்மா என் முழங்கையைப் பிடித்து ஒரு கிள்ளு கிள்ளினாள்.

அன்று சாயங்காலமே அப்பா பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் குழி வெட்டினார். வீட்டுக்கு மிகவும் கிட்டே. "பெருசானா காய் கூரை மேல விழும்" என்றாள் அம்மா. விழட்டும் என்றேன். வைக்கோலுக்கு அடியிலிருந்து வெளிறிப்போன கன்றை எடுத்து, குழியில் உப்பும் சாம்பலும் போட்டு அப்பா நட்டுக்கொண்டிருந்தபோது சைக்கிள் வந்து வேலிக்கு வெளியே நின்றது.

"என்னடா குழி?"

அப்பா நிமிர்ந்தார். துண்டு தோளிலேயே இருந்தது. "தென்னைங்க," என்றார். கொஞ்சம் யோசித்து, "நம்ம கொல்லையிலங்க."

நம்ம! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரியக்காரருக்கு அது பணிவா திமிரா என்று புரியவில்லை போல. பெடலில் கால் வைத்தபடி கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். உள்ளே வரவில்லை, போய்விட்டார்.

பட்டா இன்னும் கைக்கு வரவில்லை. வரும் என்கிறார்கள். வாய்க்காலில் தண்ணீர் நின்றுவிட்டது. நான் காலையில் எழுந்ததும் முதலில் கன்றிடம்தான் போகிறேன், வேர் பிடித்துவிட்டதா என்று தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்க்கிறேன். ஆட்டினால் எப்படிடி பிடிக்கும் என்று அம்மா கத்துகிறாள். கையை எடுத்துவிடுகிறேன். அவள் உள்ளே போனதும் மறுபடி ஆட்டிப் பார்க்கிறேன்.