வெள்ளறடையில் ஒரு பகல் வெயில்

ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமை, காலை ஒன்பதரைக்குப் பாறசாலையில் ரயிலைவிட்டு இறங்கினோம், நானும் மகள் ஜெபாவும். பாளையங்கோட்டையிலிருந்து அவளைக் கிளப்பிக்கொண்டு வந்ததே பெரும்பாடு. ஏழாம் மாதத்தில் அவள் வயிற்றுப் பிள்ளை தவறிப்போய் நான்கு மாதமாகிறது. அன்றிலிருந்து எதையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. பயணக் கட்டுரை எழுதும் எனக்கோ ஊர் சுற்றுவதைத் தவிர வேறு வைத்தியம் தெரியாது. ஒரு நல்ல காட்சியைக் காட்டிவிட்டால் பழையபடி வாயைப் பிளந்து பார்ப்பாள் என்று நம்பினேன்.

வெள்ளறடைக்கு ஆட்டோ நானூறு ரூபாய், பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். மழை கழுவிய மலை, மரச்சீனிக் கிழங்கு விளைகள், பாறை இடுக்கில் வழியும் ஓடை. ஒவ்வொன்றுக்கும் "அங்க பாரு" என்றேன். அவள் கைநகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கே என் குரல் எரிச்சலாக இருந்தது.

பதினொன்றரைக்கு வெயில் ஏறியதும், ஓட்டுநர் மணியன் ஒரு ரப்பர் தோட்டத்தோரம் வண்டியை நிறுத்தினார்.

"சாரே, மிண்டாம, சத்தம் காட்டாம நில்லுங்க. இப்பம் காய் வெடிக்குமாக்கும்."

தலைக்கு மேலே 'டப்' என்றது. தோட்டத்தின் மறுகோடியில் இன்னொன்று. காற்றே இல்லை, யாரும் தொடவுமில்லை. வெயில் சூட்டில் காய்கள் தாமாக உடைந்து, விதைகள் சருகில் தெறித்து விழுந்தன. காடை முட்டை போலப் பழுப்பில் புள்ளியும் கோடுமாக. ஒன்றில் இருந்த கோலம் மற்றதில் இல்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஜெபாவும் நிமிர்ந்து மேலே பார்த்தாள். கர்த்தாவே, இது போதும் என்று நினைத்தேன்.

மணியன் ஒரு கை விதையைப் பொறுக்கி அவளிடம் நீட்டினார்.

"வச்சுக்கோ மக்கா. வீட்டுல கொச்சுப் பிள்ள உண்டுல்லா? அதுக்கு வெளையாடக் குடு. எம் பேத்திக்கு இது இருந்தா சோறும் வேண்டாம்."

"குடுக்கேன் அண்ணாச்சி" என்று அவள் துப்பட்டாவில் வாங்கிக்கொண்டாள். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

மூன்று மணி ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் ஜெபா தானாகவே பேசினாள்.

"அப்பா, என்னை ஒரு போட்டோ எடுங்க."

பல் தெரியச் சிரித்தாள். எடுத்து முடித்ததும் சிரிப்பும் போய்விட்டது.

"அம்மாவுக்கு அனுப்புங்க. நல்லா சிரிச்சான்னு சொல்லுங்க. அவங்க ராத்திரியெல்லாம் தூங்குறதே இல்ல. நீங்களும் என்னைக் கூட்டிக்கிட்டு இனி அலையாதீங்கப்பா. காய் வெடிச்சப்போ உங்களுக்காகத்தான் மேல பாத்தேன்."

படத்தை அனுப்பினேன். குழித்துறை வருவதற்குள் மனைவியின் பதில் வந்துவிட்டது.

'ஸ்தோத்திரம். உண்மையிலேயே சிரிச்சாளா?'

எத்தனையோ ஊர்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். பார்க்காததைப் பார்த்ததாக ஒரு வரி எழுதியதில்லை. 'ஆமா, சிரிச்சா' என்று எழுதி அனுப்பினேன்.