முடிச்சுக்குள் சிவப்பு

வள்ளித்தாய் பயறுச் செடியின் இலையைப் பார்க்க மாட்டாள். பிடுங்கி வேரைத்தான் பார்ப்பாள். வேரில் கடுகு கடுகாய் ஒட்டியிருக்கும் முடிச்சை நகத்தால் கீறுவாள். உள்ளே சிவப்பாக இருந்தால் செடிக்கு உயிர் இருக்கிறது. காற்றிலுள்ள சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுப்பது அந்த முடிச்சுதான். அவள் புருஷன் மருதப்பன், சங்கரன்கோவில் சந்தையில் விதை விற்பவர் சொல்லக் கேட்டு, எழுபத்து நாலில் அவளுக்கு இதைக் காட்டினான்.

அந்த வருடம் ஐப்பசி மழை விதைக்க மட்டும் பெய்துவிட்டு ஓடிப்போனது. வானத்துக்கு அப்படியொரு கொழுப்பு. பயறு பச்சையாகவே நின்றது. ஆட்டு மந்தைக்காரன் சங்கரசுப்பு, மேயவிட்டால் ராத்திரி ஆடுகளை அங்கேயே அடைத்துக் கிடை போட்டு நிலத்துக்கு உரம் சேர்த்துத் தருவதாகக் கேட்டான். மருதப்பன் மறுத்துவிட்டான். பிறகொரு காலையில் முடிச்சைக் கீறினால் உள்ளே சாம்பல் நிறம். கடைசியில் மழை வந்தும் அது எழும்பவில்லை. செடி மஞ்சளாகிப் பூக்காமலே சாய்ந்தது.

சித்திரையில் காய்ச்சலில் கிடந்த மருதப்பன் கண் மூடும்வரை ஒன்றைத்தான் கேட்டான்: "ஏட்டி, உள்ள செவப்பு இருக்கா?"

செத்த பிறகும் கேட்டான். விடியலில் புஞ்சையில் நிற்பாள். முதுகுக்குப் பின்னால் அதே குரல். திரும்பினால் வெறும் கரிசல். ஊரில் சிலர் சிரித்தார்கள். சிரித்த ஒருத்தரும் பொழுது சாய்ந்தபின் அந்தப் பக்கம் போனதில்லை.

அடுத்த ஐப்பசியில் அவள் விதைத்தது, மருதப்பன் தன் கையால் சாம்பல் கலந்து கலயத்தில் ஒதுக்கிவைத்த விதை. பட்டினி கிடந்தபோதும் அதில் அவள் கை வைக்கவில்லை. அவனுடையது என்று மிஞ்சியது அது ஒன்றுதான். முழுவதையும் விதைத்துவிட்டாள். விளைந்தால்தான் அந்த விதை அடுத்த வருடத்துக்கும் நிற்கும்.

செடி பூத்துப் பிஞ்சு பிடித்தது. மார்கழியில் மழை கொஞ்சம் தள்ளிப்போனதும் அவளுக்குப் பதறிவிட்டது. பிடுங்கிக் கீறினாள். சிவப்பு இல்லை. இன்னொன்றிலும் இல்லை. பின்னால் குரல் கேட்டது. சங்கரசுப்புவிடம் ஓடினாள்.

"யக்கா, பிஞ்சு புடிச்சிருக்கே. கொஞ்சம் பொறுங்களேன்."

"வேரு செத்துட்டுலே. வெளிய பச்சையாத்தான் நிக்கும், நம்பாத. காயெல்லாம் உள்ள மணியில்லாம பொக்காப் போவும். ஆட்ட விடு. கிடை உரமாவது மிஞ்சட்டும்."

சாயங்காலத்துக்குள் புஞ்சை மொட்டையானது.

பக்கத்துப் புஞ்சைச் சுந்தரம்மாளும் அதே வாரம் விதைத்தவள்தான். அங்கேயும் வள்ளித்தாய் ஒரு செடியைக் கீறிப் பார்த்தாள். அதே சாம்பல். "ஒன் பயறும் போச்சு" என்றாள். தையில் அந்தப் பயறு செடி கொள்ளாமல் விளைந்தது. காய் பிடித்து முற்றத் தொடங்கினால் முடிச்சு தானாகவே வற்றிவிடுமாம். முடிச்சைக் கீறிப் பார்த்த அந்த ஒரு வருடம் மருதப்பனின் செடி அதுவரை வரவே இல்லை. அவனுக்கு எப்படித் தெரியும்?

சுந்தரம்மாள் ஒரு படி பயறு கொண்டுவந்தாள். "விதைக்கு வச்சிக்கிடுங்க மைனி." வள்ளித்தாய் வாங்கவில்லை. தன் புஞ்சைக்குப் போய், புழுக்கைக்கு நடுவே மிதிபட்டுக் கிடந்த பிஞ்சுகளைப் பொறுக்கி உரித்தாள். எல்லாம் சுருங்கிப்போயிருந்தன. ஒன்றும் முளைக்காது.

"செவப்பு இருக்கான்னுதான கேட்டீய" என்று ஆளில்லாத பக்கம் திரும்பி அழுதாள். "காய் இருக்கான்னு ஒரு தடவகூட கேக்கலியே."

அதன்பிறகு அந்தக் குரல் வரவே இல்லை. அவள் மட்டும் சாகும்வரை தினமும் விடியலில் அங்கே போய் நின்று காது கொடுத்தாள்.