சித்தி சாய்ந்து வென்ற ஓட்டோ ரேஸ்

செம்மண் புழுதியும் கருகிய எண்ணெய் மணமும் மூக்கை அடைத்த அந்தச் சித்திரை வருடப் பிறப்புப் பந்தயத் திடலில் அம்மா இருந்தார், சித்தி இருந்தார், நானும் இருந்தேன். வரவேண்டிய நிமல் மட்டும் வரவில்லை. வளைவில் ஓட்டோ கவிழாமலிருக்க, பின்னாலிருந்து உடம்பை வெளியே சாய்த்துத் தொங்க ஓர் ஆள் வேண்டும். சித்தப்பாவுக்கு அந்தச் "சாயிற ஆள்" நிமல்தான்.

வாலிபத்தில் கோப்பைகளாக அள்ளிய சித்தப்பா, எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து எதையும் வெல்லவில்லை. கொட்டாஞ்சேனையில் ஆள் ஏற்றி "ஹயர்" ஓடுகிற அதே ஓட்டோவின் ஹூட்டைக் கழற்றி, உழைத்ததையெல்லாம் எஞ்சினில் கொட்டிவிட்டுப் பந்தயத்துக்குப் போவார். ஸ்டாண்டில் நிற்பவர்கள், "அய்யே, லைட்டப் போட்டுக்கிட்டு ஓடுங்க, நீங்க வந்து சேர இருட்டிரும்" என்பார்கள். ஒரே ஒரு தடவை வென்றதும் விட்டுவிடுவதாகச் சித்தியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார். அதனால்தான் செவ்வாய்தோறும் அந்தோனியார் கோயிலில் சித்தி, அவர் வெல்லவேண்டும் என்று மெழுகுதிரி ஏற்றிவந்தார்.

சாய ஆளில்லாமல் ஓடவிடமாட்டோம் என்று நடத்துபவர்கள் சொன்னதும், "சரி, அடுத்த வருசம் பாப்பம்" என்றார் சித்தப்பா. சித்தி கைப்பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஹெல்மெட்டை எடுத்தார்.

"இன்னொரு வருசம் என்னால ஏலாது. ஏறுங்க, நான் சாயிறேன்."

"விழுந்தா செத்துருவ, புள்ள."

"விழாம ஓட்டுங்க."

ஒவ்வொரு வளைவிலும் சித்தியின் தோள் மண்ணை உரசுமளவுக்குத் தாழ, அம்மா கண்ணை மூடிக்கொள்ள, கடைசிச் சுற்றில் முன்னால் போன இருவரையும் தாண்டிச் சித்தப்பா முதலாவதாக வந்தார். எல்லாம் முடிந்ததென்று சித்தி புழுதியில் உட்கார்ந்து சிரித்தார்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதல் பள்ளிக்கூடம் போனவன் நான்; கோப்பையில் பொறித்திருந்த ஆங்கில எழுத்தைச் சித்தப்பா வீடு வரும்வரை திரும்பத் திரும்ப என்னை வாசிக்க வைத்தார். "பாத்தியா, கைப்பழக்கம் இன்னும் போகல்ல. இனித்தான் இருக்கு."

"அப்ப சத்தியம்?" என்றார் அம்மா.

"அது தோத்துக்கிட்டு இருக்கயில சொன்னது, அண்ணி."

சித்தி அம்மாவிடமிருந்து கைப்பையை வாங்கிக்கொண்டார்.

அதன்பிறகு சித்தப்பா ஓடாத பந்தயமில்லை, வென்றதும் எதுவுமில்லை. இப்போது வெள்ளவத்தையில் ஒரு மாடிக் குடியிருப்பின் வாசலில் காவல் நிற்கிறார். வேலைக்குக் கந்தோருக்குப் போகும்போது பார்ப்பேன். கொட்டாஞ்சேனை ஸ்டாண்டில் அவருடைய இடத்தில் வேறு யாரோ நிற்கிறார்கள். அந்த ஒரு வெற்றிக்காக எங்களை விட்டுப் போனவை: தவணை கட்டாமல் லீசிங்காரன் இழுத்துக்கொண்டு போன ஓட்டோ, அடகிலிருந்து மீளாத அம்மாவின் நகைகள், குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் ஒப்பந்தம் முடிந்தும் திரும்பி வராத சித்தி.